அலமேலு அம்மாவும் மாலதியின் வரியும்

அலமேலு அம்மா இறந்துவிட்டார்கள் என்று டாலிகஞ்ச் மார்க்கெட்டில் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரே வாயால் வருகிற சேதியை நான் எடுத்துக்கொள்வதில்லை. பஸ் ஏறி சால்ட் லேக்கில் அவர்கள் வீட்டுக்கே போனேன். வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எழுதியதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னேன்.

நம் தமிழர் கூட்டத்துக்காரர்களே, உங்களில் பலர் அவர்களை மேடையில்தான் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இலக்கியப் பேராசிரியராக இருந்த துறையில் நான் பியூன். தொண்ணூறுகளில், பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டுரையைப் பிள்ளைகள் முதலில் எனக்குப் பெங்காலியில் படித்துக் காட்ட வேண்டும். "அண்ணாச்சிக்குப் புரியாத வரியை என்னிடம் கொண்டுவராதே" என்பார்கள். படிக்காதவனை வைத்து வேடிக்கை காட்டுகிறார்களோ என்று ஒரு வருஷம் சந்தேகப்பட்டேன். புரிந்ததையும் புரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து வரியை மாற்றினார்கள்.

மாலதி சுந்தரவனப் பக்கத்துப் பெண், இரண்டு முறை தவறியவள். படகுப் பாட்டைப் பற்றி எழுதி வந்து படித்தாள்: "படகுக்காரன் கரைக்காகப் பாடுவதில்லை. தான் தூங்கவில்லை என்று தண்ணீருக்குச் சொல்கிறான்."

"காகு, புரியுதா?" என்றாள். காகு என்றால் பெங்காலியில் சித்தப்பா.

"எனக்கே புரியுதுன்னா நீ பாஸ்தான், போ."

ஆறேழு வருஷம் கழித்து அம்மாவின் ஆராய்ச்சிப் புத்தகம் வந்தது. நம் தமிழர் கூட்டத்தில் அதிலிருந்து தமிழில் சொன்னார்கள். நடுவில் அதே வரி. மாலதியின் பெயர் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. இத்தனை பிள்ளைகளை உட்காரவைத்தது இதற்குத்தானா என்று தோன்றியது. புத்தகத்தை மகளிடம் ஒரு முறை, ஒரு பாங்குக்காரரிடம் ஒரு முறை கொடுத்துப் பெயரைத் தேடச் சொன்னேன். இருவரும் இல்லை என்றார்கள்.

மறுநாள் அவர்கள் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அம்மா, தண்ணிக்குச் சொல்றான்னு எழுதினது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. ஏன்?"

"மாலதி படிச்சா. மழை பெஞ்சுது. நீங்க அந்த ஜன்னல் பக்கம் நின்னீங்க."

முகம் வெளுத்துவிட்டது. "அவ கட்டுரையைத் திருத்தித் திருத்தி என் வரின்னே நினைச்சுட்டேன்."

"நினைச்சீங்களா, எடுத்தீங்களா?"

கேட்டே விட்டேன்.

"எனக்கே தெரியலையே அண்ணாச்சி" என்றார்கள்.

அடுத்த கூட்டத்தில் மேடையேறி அந்த வரி மாலதியுடையது என்றார்கள். மறுபதிப்பில் பெயர் வந்தது; அதையும் இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். அம்மா ஓய்வுபெறும் வரை துறையில் சிலர் அதைச் சொல்லியே அவர்களைக் குத்தினார்கள்.

மறந்தார்களா, எடுத்தார்களா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை. ஆனால் அன்று அந்த அறையில் நாங்கள் இருவர்தான். "படிக்கத் தெரியாத உனக்கு என்ன தெரியும்?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். உங்களில் ஒருவர்கூட என் பக்கம் பேசியிருக்க மாட்டார். அந்த வார்த்தையை அவர்கள் சொல்லவில்லை. அவர்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.