நீலம் போன கிளை

சிறுவயதில் ஒரு நாள் மாலை நான்கு இருபதுக்கு ஒரு கிளையின் கடைசி ஊசியிலையையும் துடைத்து முடித்தேன். போன வாரம் என் மகள் என் கைப்பேசியை உடைத்துவிட்டு ஒரு மணி நேரம் எங்கோ ஒளிந்துகொண்டாள். அந்தப் பதற்றம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் அவளைக் கண்டதும் என் வாயில் திட்டு வரவில்லை. அதற்காகப் பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு எப்போதும் சவுக்குக் கிளைதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா விடுமுறைக்கு வரும்போதெல்லாம், பிரான்சில் நீல நிறத்தில் ஓர் ஊசியிலை மரம் உண்டு, அதற்குப் பெயரே நீல சப்பேன் என்பார். மில்லில் வேலை பார்த்த எதிர்வீட்டு மாமா விடமாட்டார்.

"நீல மரமா? அப்ப அங்க காக்கா செவப்பாண்ணே?"

அந்த வருடம் பெரியப்பா ஒரு கிளையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேவிட்டார். பண்டிகைக்கு முந்தின நாள், "அஞ்சு மணிக்கு வந்து பாருய்யா" என்று எதிர்வீட்டு மாமாவிடம் சொல்லிவிட்டும் வந்தார்.

பண்டிகைக்கு முன் குடில் சொரூபங்களைக் கழுவித் துடைப்பது என் வேலை. கிளைமேல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. பயணத் தூசி என்று நினைத்து, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஊசி ஊசியாக உருவினேன். தூசி என்று நான் துடைத்த அந்த மெழுகுப் பூச்சுதான் நீலம் என்பது, முழுக் கிளையும் பச்சையாக நின்றபோதுதான் விளங்கியது. ஓடிப்போய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்து மணிக்குக் கீழே எதிர்வீட்டு மாமாவின் குரல். "இன்னாண்ணே, பிரான்சு வரைக்கும் போயி சவுக்கு வெட்டியாந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். அடுத்துப் பெரியப்பாவின் குரல்.

"நீ ஜெயிச்சிட்டய்யா. இத்தினி வருஷமா நான்தான் சும்மா அளந்துட்டேன்."

அம்மா என் பெயரைச் சொல்லித் தெருவில் தேடத் தொடங்கினாள். நான் அசையவில்லை. கடைசியில் மாடிப்படி ஏறி வந்தவர் பெரியப்பா. பக்கத்தில் குந்தினார். கைக்குட்டையை நனைத்து, என் விரல்களில் ஒட்டியிருந்த சாம்பலையும் பிசினையும் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அம்மா கண்ணில் அது படக் கூடாது என்றுதான் துடைக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. பண்டிகைக்கு என்னையும் சுத்தம் செய்கிறார் என்று நினைத்தேன்.

"பயந்துட்டியாம்மா? வா, அந்தாளு கேக் மொத்தத்தையும் தின்னுடுவான்" என்றார்.