மீன்முகச் சேவகன்

“காலைத் தூக்குடா, தடியா” என்றபடி கிராசிண்டா அவன் காலடியில் மாப்பைத் தள்ளுவாள். அவன் தூக்க மாட்டான். மாடிப்படித் திருப்பத்தில், சுவரில் பதித்த நீலவெள்ளை டைல்ஸில் ஆளுயரத்துக்கு நிற்கிற சேவகன் அவன். பட்டுக் காலுறை, கையில் தொப்பி, இடுப்பில் ஒரு குனிவு. லிஸ்பனில் அந்தக் காலத்துப் பிரபுக்கள் விருந்தாளியை வரவேற்க இப்படி ஆள் வைத்தார்கள். சம்பளமும் மிச்சம், சாப்பாடும் மிச்சம்.

பொய்முடியின் சுருள்கள் தோளில் புரள்கின்றன. நடுவில் முகத்துக்குப் பதில் ஒரு மத்தி மீன். ஒன்பது வருஷத்துக்கு முன் எந்தத் திருடனோ முகத்தைப் பெயர்த்துக்கொண்டு போனானாம். இடித்த சமையலறைச் சுவரில் மிஞ்சிய மீன் டைலை அவள்தான் ஒட்டினாளாம். “மூளியா நிக்கறதுக்கு மீனா நிக்கட்டுமே” என்பாள்.

இப்போது மாடிக்கொரு குடித்தனம் இருக்கிற அந்த வீட்டுக்கு வாசல்காரி அவள்; காவலும் கூட்டித் துடைப்பதும் அவள் வேலை. வயது அறுபத்தெட்டு. நாலாம் மாடிப் பேராசிரியர் அவளையும் வாளியையும் ஒன்றாகவே தாண்டிப் போவார். வீட்டுக்காரருக்கு அவள் பெயர் இன்னும் பிடிபடவில்லை. “முப்பத்தோரு வருஷமா இந்தப் படியைத் துடைக்கிறேன். என்னைப் பார்த்துக் குனிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்” என்று ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முழங்காலை ஈரத்துணியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அவன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

போன செவ்வாய்க்கிழமை டெலெஸ் என்ற பழம்பொருள் வியாபாரி வந்தார். வீட்டுக்காரர் விற்கத் தயார். முகம் கிடைத்தால் நாளைக்கே சேவகனை மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு போவேன், மீனோடு சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார் டெலெஸ். கிராசிண்டா சிலுவை போட்டுக்கொண்டு, திருடனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள். டெலெஸ் நம்பிவிட்டார். ஆனால் கீரை சூப்பின் வாசனை அவரை அவள் அறைக்குள் இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டது.

சூப் பானை மேசை நடுவில் ஒரு டைலின்மேல் ஆவி பறக்க இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் முதல் வியாபாரி ஒருவன் வந்து சேவகனுக்கு விலை பேசிப்போன அன்றே, சமையல் கத்தியால் அவள் நோண்டி எடுத்த முகம்தான் அது. மூக்கு சுடக் கூடாதென்று குப்புறப் போட்டிருந்தாள். முதுகில், பானைக்கு நேர் அடியில், பழைய ஓவியன் எழுதிய எண் இருந்தது. அதைப் பார்த்தால் டெலெஸுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

டெலெஸ் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். “என்ன கைப்பக்குவம்மா உங்களுக்கு! இன்னும் கொஞ்சம் எடுத்துக்கறேன்” என்று பானையைத் தம் பக்கம் இழுக்கக் கை நீட்டினார்.

“உக்காருங்க ஐயா. விருந்தாளி எடுத்துப் போட்டுக்கறதா?”

கிராசிண்டா எழுந்தாள். கொதிக்கிற பானையை வெறுங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து நன்றாகக் குனிந்து, மறு கையால் அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள்.