அப்பா ஏறாத கப்பல்

என் கணவருக்கு மின்துறையில் வேலை, தொலைவிலுள்ள கட்சால் தீவில். நானும் மகளும் போர்ட் பிளேரில், மின்னி பே வீட்டில். விடுப்பும் கிடைத்து, கப்பலில் டிக்கெட்டும் கிடைத்து, கடலும் சும்மா இருந்தால்தான் அவர் வீட்டுக்கு வர முடியும். மகளுக்கு நான்கு வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் போனுக்குள் இருப்பவர். போனில் 'அப்பா, அப்பா' என்று உயிரை வாங்குவாள். அதே மனிதர் பையோடு வாசலில் வந்து நின்றால் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

அந்த முறையும் அப்படித்தான். வந்து சில நாளாகியும் அவரை அவள் ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை. "அவங்கள நகரச் சொல்லும்மா" என்பதைக்கூட என்னிடம்தான் சொன்னாள். அவர் சிரித்து மழுப்பினார். ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. குழந்தைமேல் காட்ட முடியாது, கடல்மேல் காட்டி என்ன பயன்? அதனால் அவர்மேலேயே எரிந்து விழுந்தேன்.

"பொம்மைய நீட்டிட்டே இருந்தா வந்துருவாளா? எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

"சினிமாவுக்குப் போவமா? அவ தியேட்டரே பாத்ததில்லல்ல," என்றார்.

ஓடியது குழந்தைகளுக்கான ஓர் இந்திப் படம். ஏதோ யானைக்குட்டிக் கதை. மொழி ஒரு பிரச்சினையே இல்லை. தெருவில் வங்காளி, தெலுங்குப் பிள்ளைகளோடு இவள் சண்டை போடுவதே இந்தியில்தான்.

எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "ஜன்னல் எங்கம்மா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாந்தி கவர் தர மாட்டாங்களா?" என்றாள். சின்னப்பிள்ளை ஏதோ உளறுகிறது என்று விட்டுவிட்டேன். அவர் பாப்கார்ன் வாங்க வெளியே போனார். அவர் திரும்புவதற்குள் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டார்கள். 'தடதட'வென்று சத்தம் கிளம்பி நாற்காலியே அதிர்ந்தது.

மகள் இருக்கைமேல் ஏறி நின்று அலறினாள்.

"ஜஹாஜ் ரோக்கோ! அப்பா ஏறல! கப்பல நிறுத்துங்க, அப்பா ஏறல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு அவளோடு ஹேவ்லாக் தீவுக்குப் போன படகும் இப்படித்தான் இருந்தது. வரிசையாக நாற்காலி, ஏசி குளிர், முன்னால் ஒரு டிவி, கையில் வாந்தி கவர், கதவைச் சாத்தியதும் இன்ஜின் அதிர்வு. "இது கப்பல் இல்லடி" என்றேன். யார் கேட்டார்கள்?

முன்வரிசையில் ஒரு வங்காளி அம்மாள் திரும்பினார். ஏதாவது சொல்லட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று நானும் தயாரானேன். அவரோ, "பாப்பா கிதர் ஹே?" என்று அப்பாவைத்தான் விசாரித்தார். வெளியே போயிருக்கிறார் என்று சொன்னதும், விளக்கைப் போடச் சொல்லி, குழந்தையின் அப்பா வெளியே நிற்கிறார் என்று எழுந்து நின்று கத்தினார்: "அரே, லைட் ஜலாவ்! பச்சி கா பாப்பா பாஹர் ஹே!" பின்வரிசைக் கல்லூரிப் பையன்கள் விசிலடித்து, "லைட், லைட்!" என்றார்கள். ஒருவர்கூட 'உஸ்' என்று அடக்கவில்லை. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டு நின்றிருக்காத ஆள் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. இரண்டு கையிலும் பாப்கார்னோடு நுழைந்தவரைத் தியேட்டரே திரும்பிப் பார்த்தது. என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் முழித்தார்.

"ஜல்தி ஆவ் பையா, ஜஹாஜ் சூட் ஜாயேகா!" என்று ஒரு பையன் குரல் கொடுத்தான். சீக்கிரம் வராவிட்டால் கப்பல் போய்விடுமாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

மகள் என் பிடியிலிருந்து நழுவி ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, நீ ஏன் ஏறல?" என்று அவரை அடித்தாள். பாப்கார்ன் பாதி தரையில் கொட்டியது. மிச்சத்தையும் கீழே போட்டுவிட்டு அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். அன்றைக்கு அந்தத் தியேட்டரில் இருந்த ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஆனாலும் அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் மடியை விட்டு அவள் இறங்கவில்லை. இடைவேளையில் அவர் எழப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"பாத்ரூம்டா."

"வேணாம். கப்பல் போயிடும்."

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க," என்றேன்.

"இருக்கட்டும், பரவால்ல," என்று உட்கார்ந்துவிட்டார். அப்படியும் முகத்தில் என்ன பெருமை! மீதிப் படம் முழுக்கக் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நெளிந்தார். யானைக்குட்டி என்ன ஆனது என்று அவருக்கும் தெரியாது, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

படம் முடிந்த மறுகணமே அவளை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அவள் என்னை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். ஆண்கள் கழிப்பறை வாசலில் காவல் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்டா."

"அப்பா, இருக்கியா?"

"இங்கதான்டா இருக்கேன்."

வெளியே வந்த ஆண்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். உள்ளிருந்து வந்த அவர் குரல் உடைந்திருந்தது. நான் போய் அவளை இழுத்து வரவில்லை. கேட்கட்டும், ஆசை தீரக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.