நான் கிழித்த முதல் பக்கம்

அந்தப் புத்தகம் என்னுடையது. ஜெசிந்தாவுடையது அல்ல. ஆறு ஆண்டுகளாக இதை வாய்திறந்து சொல்லாதவள் நான்... ஓர் அறிவியல் ஆசிரியை!

தருமபுரியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதை வாங்கினேன். அட்டை நைந்துபோன அறிவியல் புனைகதை. அதில் ஒரு நகரம். பசி இல்லை, சண்டை இல்லை, தோற்றவர் என்று ஒருவர்கூட இல்லை. எப்படி? பின்தங்கும் குழந்தைகளை ஆற்றின் அக்கரையில் கொண்டுபோய் விட்டு, ஏடுகளிலிருந்து அவர்கள் பெயரை அழித்துவிடுவார்கள். அவ்வளவுதான்!

முதல் பக்கத்தில் என் பெயரை எழுதி வைத்தேன்.

நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியின் வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பெரிய பலகை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், படிப்பு வராத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்குத் தெரியாதா இது? தெரியும்! அந்தப் பலகையைப் பார்த்துத்தானே உங்கள் பிள்ளைக்கு இடம் கேட்டு வரிசையில் நின்றீர்கள்!

ஜெசிந்தா தமிழாசிரியை. என்னைவிட இளையவள். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். "படிச்சுப் பாரு, நம்ம ஸ்கூல் கதைதான்" என்று சிரித்தபடி அவளிடம் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அதை உரக்கப் படித்தாள்.

ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம்: "மிஸ், அப்ப நம்ம கௌரியையும் அக்கரைக்குத்தான் அனுப்பிட்டாங்களா?"

கௌரி வத்தல்மலைப் பெண். முந்தைய ஆண்டு டி.சி. வாங்கிப் போனவள்.

செய்தி தாளாளர் காதுக்கு எட்டியது. அன்று மாலையே ஜெசிந்தாவின் மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். என் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்தேன். புத்தகத்தை அதே இடத்தில் வைத்தேன்! எடுத்துப்போய் ஒளித்திருக்கலாமே... அதுகூடத் தோன்றவில்லை. என் பெயர் போனால் போதும் என்றிருந்தது.

மறுநாள் தாளாளர் ஆசிரியர்கள் எல்லாரையும் அழைத்துப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இது யாருதுங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"என்னுதுங்க சார்" என்றாள் ஜெசிந்தா. அன்றே அவளை வேலையை விட்டு நீக்கினார்கள்.

குடும்பச் சூழ்நிலை என்றெல்லாம் நான் கதை சொல்லப் போவதில்லை. அந்த வேலை போயிருந்தால் நான் செத்திருக்க மாட்டேன். வெறும் பயம்... கேவலமான பயம்!

கடந்த மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். அங்கே ஜெசிந்தா சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரை ஏன் சொல்லல ஜெசிந்தா?"

"ரெண்டு பேரும் வெளிய வந்துட்டா அந்தப் புள்ளைங்களுக்குப் பேச யாருங்கக்கா இருக்கா? நீங்க சீனியரு. நீங்க சொன்னா கேப்பாங்கன்னு நெனச்சேன்." மடித்த சேலையை அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "பேசுனீங்களாக்கா?"

திட்டியிருக்கக் கூடாதா அவள்! என் முகத்தில் துப்பியிருக்கக் கூடாதா!

"பேசினேன்" என்றேன்.

"அது போதுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்...

இந்த ஆண்டு நான்கு பிள்ளைகளை அனுப்பினோம். நால்வரின் பெற்றோரையும் உட்காரவைத்து, 'உங்க புள்ள நல்லதுக்குத்தான்' என்று எடுத்துச் சொன்னவள் நான்தான்.