சீவரத்தினம் அண்ணை கேட்ட தண்ணீர்

சாவகச்சேரிப் பக்கம் கிணற்று மோட்டர் நின்றுபோனால் முதலில் கூப்பிடுவது சீவரத்தினம் அண்ணையைத்தான். எந்த நேரமென்றாலும் போவார். தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லையென்று யாராவது வாசலில் வந்து நின்றால், கையில் எடுத்த சோற்றையும் வைத்துவிட்டு ஓடுகிற மனுசன். அந்த ஓட்டம்தான் அவர் குடும்பத்தில் மண்ணைப் போட்டது. மனைவி பராசக்தி அக்காவின் ஒரே தமையன் செத்த அன்று, இவர் யாரோ ஒருவருடைய மோட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். செத்தவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிரேதம் சுடலைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அக்கா அவரோடு கதைப்பதில்லை. ஏழெட்டு வருசம் இருக்கும்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. கதை மட்டும் நாயோடு. ஒருநாள் அவரைக் கூப்பிடப் போனபோது என் கண்ணால் கண்டேன்.

"சோறு மூடி வைச்சிருக்கு. பசிக்கிற ஆக்கள் சாப்பிடலாம்" என்று அக்கா நாயிடம் சொன்னார்.

அண்ணையும் நாயைப் பார்த்து, "பருத்தித்துறைக்கு ஒரு வேலையாப் போறன். வரச் சுணங்கும்" என்றார்.

நாய் பாவம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பியது. எனக்குச் சிரிப்பும் வந்தது. இரண்டு பேருக்கும் நாலு போட வேணும் போலவும் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பிக்கிறவள். போன வருசம் எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஓர் அபத்த நாடகம் எழுதினேன். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மனிதன், ஒரு மூடிய கதவு. அவன் தண்ணீர் கேட்கிறான், பதில் இல்லை. நாள் கணக்காகக் கேட்கிறான். கடைசியில் கதவடியில் விழுந்து கிடந்தும் கேட்கிறான். அப்போதும் ஒருவரும் வராமல் விளக்கு அணைய வேண்டும். அந்தப் பதில் இல்லாமைதான் என் நாடகம்.

ஒத்திகைக்கு நடிகன் வராத அன்று, விளக்குக்கு வயர் இழுக்க வந்த அண்ணையைப் பிடித்துச் சும்மா நிற்கச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாக, "கொஞ்சம் தண்ணி இருக்குமோ?" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"எங்கை அண்ணை உப்பிடிப் பழகினனீங்கள்?"

"வீட்டிலைதான் பிள்ளை."

பிறகு அந்த வேடம் அவருக்குத்தான் என்று முடிவாயிற்று. நாடகத்தன்று பின்னேரம் என்னிடம் வந்து, "முன்னுக்கு ஒரு கதிரை பிடிச்சு வையுங்கோ. வருவாளோ தெரியாது. நாயிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். சிரிக்கத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

அக்கா வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். மேடையில் அண்ணை கேட்டார், தட்டினார், விழுந்தார். கடைசியாக, "தண்ணி..." என்றுவிட்டு அசையாமல் கிடந்தார். நான் நினைத்ததைவிட நன்றாக வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அக்கா எழுந்து மேடையடிக்குப் போனார்.

"இஞ்சாருங்கோ. உங்களுக்கு என்ன செய்யுது?"

"அசையாதேங்கோ அண்ணை" என்று திரைக்குப் பின்னால் இருந்து கெஞ்சினேன். அவர் கண்ணை மூடிக் கிடந்தால் நாடகம் தப்பும். ஆனால் ஊர் பார்க்க வாய் திறந்த மனுசி பதில் இல்லாமல் நிற்பார். பிறகு அந்த வாய் திறக்கவே திறக்காது.

அண்ணை எழுந்து உட்கார்ந்தார்.

"ஒண்டுமில்லையப்பா. சும்மா நடிப்பு" என்றார். பிறகு அக்காவின் முகத்தை நேரே பார்த்தார். "உன்ரை தமையன்ரை செத்தவீட்டுக்கு நான் நேரத்துக்கு வந்திருக்க வேணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாதக்கணக்காய் நான் மாரடித்த நாடகம் அதோடு பாழ். திரையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அதை வீட்டை வந்து என்னட்டைச் சொல்லுங்கோ" என்றார். "இப்ப எழும்பி வாங்கோ."