தானே ஒளிரும் பக்கம்

ஒரு பெண் கண் விழிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பழவேற்காட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, சுண்ணாம்புக்குளம் போகும் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது வேண்டிக்கொண்டேன். வலப்பக்கம் ஏரி. மழை விட்டிருந்தது. செருப்பில் சேறு ஏறி ஒவ்வோர் அடியும் கனத்தது. சாமி கும்பிடும் வழக்கம் எனக்கு இல்லை... ஆனாலும் அன்று வாய்விட்டே கேட்டேன். எல்லம்மா கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தால் பேசுவாள். பேசினால் நான் பலகையைத் தட்டவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை என்ன செய்துவிட முடியும்?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் படிப்பை விட்டாலும் வாசிப்பை விடவில்லை. எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே போவேன். கொஞ்ச நாள் இருப்பேன். கால் நிற்காது, கிளம்பிவிடுவேன். போகும் இடமெல்லாம் நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகம் வாங்குவேன். கிளம்பும்போது அவற்றை விட்டுவிட்டு வருவேன். எண்ணூரில் ஒரு கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய விட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு டீக்கடைக்காரரிடம் விட்டேன். அவர் அதில் பஜ்ஜி மடித்தார். சுமக்க முடியாதவனுக்குப் புத்தகம் எதற்கு?

மிச்சம் இருந்ததையும் ஏரிக்காற்று தின்றது. உப்புக்காற்றில் தாள் ஊறி உப்பும். அட்டை பிரியும். ஒரு பக்கத்தைத் திருப்பினால் நாலு பக்கம் சேர்ந்து வரும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்து, வேலை முடிந்து வெளியே வந்தபோதுதான் ஒரு முடிவை எடுத்தேன். சென்னைக்குப் போய், பழைய எலெக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் கடையொன்றில் புத்தகம் வாசிக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. ஒன்றில் விளக்கு இல்லை. புத்தகம் போலவே வெளிச்சத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இன்னொன்றில் பக்கமே ஒளிரும். அது விலை கூட.

வெகுநேரம் நின்றேன். விளக்கில்லாததைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு மற்றதைத் தொட்டேன்... பக்கம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. கண்ணைக் குத்தாத வெளிச்சம். என் உள்ளங்கையில் ஒரு சன்னல் திறந்தது போல இருந்தது! விளக்குள்ளதையே வாங்கினேன்.

அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மறைத்தால் இந்த வாக்குமூலமே பொய். நூற்றுக்கணக்கான கதைகள் சட்டைக்குள் கனமே இல்லாமல் கிடந்தன. எழுத்தைப் பெரிதாக்கலாம். படுத்துக்கொண்டே ஒரு கையால் படிக்கலாம். காற்றில் பக்கம் பறக்காது. பூச்சி அரிக்காது. எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும் எதையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. என்னைப் போன்றவனுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது போல இருந்தது.

அதோடு, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய பசியாவரத்துக்கு வந்தேன். அங்கே சரோஜாக்கா வீட்டில் ஒரு படகு இருந்தது. அவர் புருஷனுக்கு இடுப்பு விழுந்துவிட்டதால் படகைத் தள்ள ஆள் தேவைப்பட்டது. சரோஜாக்காவும் எல்லம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஏரிக்குள் போய்க் கையால் இறால் பிடிப்பார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, விரலில் படுகிற இறாலை அள்ளிப் பறிக்குள் போடுவார்கள். பறி என்பது பனையோலைக் கூடை. இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால் அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்.

பல்லால்! இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் வரை அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தலை நிமிரவும் மாட்டார்கள். இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று துழாவிக்கொண்டே போவார்கள். அதனால்தான் படகில் ஓர் ஆள் இருப்பது வழக்கம். காற்றையும் தண்ணீரையும் பார்ப்பது அவன் வேலை. கடலிலிருந்து கொண்டல் காற்று கிளம்பினால், முகத்துவாரம் வழியாக ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கினால், துடுப்பால் படகின் பக்கப் பலகையை ஓங்கித் தட்ட வேண்டும். சத்தம் தண்ணீருக்குள்ளும் போகும். அவர்கள் உடனே திரும்புவார்கள். அவர்கள் துழாவும் சேற்று மேட்டுக்கும் படகுக்கும் நடுவில் ஆழமான ஓடை ஒன்று உண்டு; தண்ணீர் ஏறுவதற்குள் அதைக் கடந்துவிட வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. பார்ப்பது. தட்டுவது.

முதலில், கிழிந்த புத்தகம் ஒன்றைத்தான் படகில் வைத்துப் படித்தேன். கருவி நனைந்துவிடுமோ என்று பயம். அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஓயாத சண்டை. காற்று திசை மாறினால் பக்கம் படபடவென்று புரளும். எரிச்சலோடு நிமிர்ந்து பார்ப்பேன். மேகம் மறைத்தால் எழுத்து மங்கும். நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பேன். ஒரு துளி விழுந்தால் மூடிவிட வேண்டும். படிக்கவே விடாத சனியன் என்று திட்டினேன். அந்தத் தொல்லைகளெல்லாம் என் வேலையை எனக்குப் பதிலாகச் செய்துகொண்டிருந்தன என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை... ஏன் தோன்றவில்லை?

பிறகு, தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று கிடைத்தது. கருவியை எடுத்துவரத் தொடங்கினேன்.

“இன்னாடா அது, சிலேட்டா?” என்று கேட்டார் சரோஜாக்கா.

“புத்தகம்கா. இதுக்குள்ள நூத்துக்கணக்குல கீது.”

“எட்டாவது பெயிலானவனுக்கு ஒரு புக்கே சாஸ்தி. இதுல நூறு வேறயா?”

எல்லம்மா சிரிக்கவில்லை. அவளுக்குக் கதை வேண்டும். பிடித்த இறாலைக் கரையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, அன்று படித்ததை அவளுக்குச் சொல்வேன். அப்போது ஒரு துப்பறியும் கதை ஓடிக்கொண்டிருந்தது. பங்களாவில் ஒரு சமையல்காரர் காணாமல் போய்விடுகிறார்.

“அந்த டிரைவர்தாண்ணா கொன்னுருப்பான். அவன் மூஞ்சே சரியில்ல.”

“மூஞ்ச நீ எங்க பாத்த?”

“நீ சொல்லசொல்லவே தெரிதே! நாளைக்கி முடிச்சிடுண்ணா. எனுக்குத் தூக்கமே வர்ல.”

அவளுக்காகத்தான் அன்று வேகமாகப் படித்தேன் என்று பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய்! எனக்காகத்தான் படித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் இருக்கும். கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைக் கட்டியிருந்தேன். அவர்கள் மேட்டில் குனிந்திருந்தார்கள். நான் திரையைத் தொட்டேன், பக்கம் ஒளிர்ந்தது. கதையில் தோட்டத்துக் கிணற்றை இறைக்கத் தொடங்கியிருந்தார்கள்...

வானம் இருண்டது. எனக்குத் தெரியவில்லை. வெளியே இருள இருள என் பக்கம் இன்னும் தெளிவாகத்தான் தெரிந்தது. காற்று மாறியது. படகு கழியைச் சுற்றி மெல்லத் திரும்பியது. அதை உணர்ந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். முகத்தில் காற்று அடிக்கிறதே என்று உடம்பைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு தொடர்ந்து படித்தேன்.

பிறகு ஒரு மழைத்துளி திரையில் விழுந்தது. விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு கருவி பக்கத்தைத் தாண்டிவிட்டது. இன்னொரு துளி. இன்னொரு பக்கம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டை நுனியால் துடைத்துவிட்டு, விட்ட இடத்தைத் தேடினேன்! வானமே வந்து என்னைத் தொட்டது. நான் விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் படித்தேன். அப்புறம்தான் நிமிர்ந்தேன்.

எல்லம்மா ஓடையின் நடுவில் இருந்தாள். கழுத்துவரை தண்ணீர். ஒரு கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக ஆட்டினாளோ! பறியின் கயிறு அப்போதும் அவள் பல்லில் இருந்தது. விட்டிருந்தால் கூவியிருக்கலாம், பறியும் அன்றைய இறாலும் போயிருக்கும். அவள் விடவில்லை. என்னையே பார்த்தாள். இருட்டிப்போன ஏரியில், கீழிருந்து வெளிச்சம் அடித்த என் முகத்தை அவள் நன்றாகவே பார்த்திருப்பாள்.

அந்தக் கண்களில் கோபம் இல்லை. எப்போது நிமிர்வான் என்று காத்திருந்த கண்கள்...

அடுத்த கணம் தலை உள்ளே போனது.

நான் குதித்தேன். ஆனால் குதிப்பதற்கு முன்னால், கருவியை உறைக்குள் போட்டு, உறையின் வாயை அழுத்தி மூடி, பலகைக்கு அடியில் வைத்தேன். கை தானாகச் செய்தது என்று சொல்லலாம். அந்தக் கை யாருடையது?

வேறு பக்கமாக ஓடையைக் கடந்துகொண்டிருந்த சரோஜாக்காதான் முதலில் அவள் முடியைப் பிடித்தார். இருவருமாகப் படகில் ஏற்றினோம். மற்ற இரண்டு பெண்களும் தாங்களாகவே நீந்தி ஏறினார்கள். எல்லம்மாவுக்கு மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

நான் கழியைப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தபோது சரோஜாக்கா கேட்டார்.

“பலகைய தட்னியாடா?”

“தட்னேன்கா. எத்தினி தபா தட்னேன்! அவதான் திரும்பல.”

யோசிக்கவே இல்லை. பொய் அவ்வளவு தயாராக வாயில் இருந்தது.

சரோஜாக்கா என்னைச் சந்தேகப்படவில்லை. அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இந்தப் பாழாப்போன காத்துல எனுக்கே கேக்கலியே! நானாச்சும் திரும்பிப் பாத்துருக்கலாமே!” என்று அழுதார். செய்யாத குற்றத்தை அவர் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் கழியைத் தள்ளிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் எல்லம்மாவின் புருஷன் நின்றிருந்தான். விவரம் கேட்டதும் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான். “நல்லவேள, நீ படகுல இருந்தண்ணா,” என்றான். அந்தக் கையை உதறியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பான், அடித்திருக்கட்டுமே! நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் படகைக் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தேன். சரோஜாக்கா போன் செய்தார். “உசுரு கீதுடா. கண்ணுதான் இன்னும் தொறக்கல. தொறந்துட்டா பேசிடுவான்னு டாக்டரு சொல்றாரு.”

பேசிவிடுவாள்...

அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். நான் பலகைக்கு அடியிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு, பையைக்கூட எடுக்காமல் நடக்கத் தொடங்கினேன்.

நான் கஷ்டத்துக்குப் பயந்தவன் இல்லை. பட்டினி கிடந்திருக்கிறேன். கட்டடத்திலிருந்து விழுந்து கை ஒடிந்திருக்கிறது. அதெல்லாம் வரும், போகும். ஆனால் அன்று வழியில் எதிரே வந்த ஒவ்வொரு பைக்கின் வெளிச்சத்துக்கும் முள்மரத்தின் பின்னால் பதுங்கினேன். பசியாவரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள் என்று தோன்றியது. அவர்களுக்கு என்மேல் சந்தேகமே இல்லை என்பதும் தெரியும். அப்படியானால் யாருக்குப் பயந்தேன்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூடிக் கிடந்த இரண்டு கண்களுக்கு!

அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். நின்று, ஏரியைப் பார்த்து, வாய்விட்டு.

வேண்டி முடித்துக் கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. சரோஜாக்கா. திரையில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணைத் திறந்துவிட்டாள் என்று சொல்லப் போகிறாரா? போய்விட்டாள் என்று சொல்லப் போகிறாரா? இரண்டில் எது வந்தாலும் என்னால் தாங்க முடியாது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சிம்மைக் கழற்றி வாய்க்காலில் போட்டேன்.

அதனால் எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் முடிவு இல்லை. எல்லம்மா இருக்கிறாளா, இல்லையா... இன்றுவரை தெரியாது. பசியாவரம் தூரமில்லை. ஒரு நாள் போதும், போய்க் கேட்டுவிடலாம். நான் போகவில்லை.

மறுநாள் காலையில் சுண்ணாம்புக்குளத்துக்கு அருகே ஓர் இறால் பண்ணையின் வாசலில் நின்றேன். குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. பண்ணைக்காரர் வாயில் பல்குச்சியோடு வந்தார். என் பெயரைக் கேட்டார். வேறொரு பெயரைச் சொன்னேன்.

“கொளத்தண்ட குந்திக்கினு சக்கரத்தப் பாத்துக்கினே இருக்கணும் நைனா. நின்னுச்சின்னா உள்ள கீற உயிரு அத்தினியும் மூச்சு முட்டி மெதந்துடும். மோட்டார் ரூம்ல ஆளு தூங்குவான். நீ கூவணும். அவ்ளதான் வேல. கூவுவியா?”

“கூவுவேன்.”

“எங்க, கூவு பாப்போம். சத்தம் அங்க எட்டுதான்னு பாக்கணும்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. நான்கு குளங்களுக்கு அப்பால் மோட்டார் அறை இருந்தது. வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது.

பிறகு கூவினேன். தொண்டை கிழியக் கூவினேன். கரையில் நின்ற கொக்குகள் எழும்பின. அந்த அறையிலிருந்து ஒருவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தான். நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை...

“போதும்பா, போதும்! ஆந்திரா வரிக்கும் கேட்ருக்கும்!” என்று பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். “நல்ல தொண்ட உனுக்கு. இன்னைக்கே குந்திக்கோ.”

உட்கார்ந்தேன்.