முகம் பார்த்துக் கேட்டவள்

மூக்காயிக்குக் காது கேட்காது. ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சு போகாமல் தங்கிவிட்டது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிற கொட்டகையில் முப்பது வருஷமாக வேலை. பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, கட்டையால் கொட்டையைத் தட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். புகைக்கு நடுவே, பத்தடி தள்ளி எவள் யாரைப் பற்றி என்ன சொன்னாள் என்பது இவளுக்குத் தெரிந்துவிடும். இவள் இருக்கிற இடத்தில் ரகசியம் பேசுகிறவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. சாப்பாட்டு நேரத்தில்கூடத் தலைகள் கவிழ்ந்துகொண்டன. குனிந்த முகத்தில் உதடு எங்கே தெரியும்? அவளுக்கு இரண்டாம் தடவையாகக் காது போனது என்றுதான் சொல்ல வேண்டும். அது ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் ஒரு தடவையாவது நிமிர்ந்து அவளைப் பார்த்திருக்க வேண்டுமே!

வீட்டிலும் அதே கூத்துதான். புருஷன் ஐயனார் கட்டிலில் போனோடு, மருமகள் கார்த்திகா சுவரோரம் போனோடு. "கேக்குறேன்ல, மொகத்தக் காட்டிச் சொல்லுங்க" என்று மூக்காயி கத்துவாள். ஐயனார் குனிந்தபடியே ஏதோ சொல்வார். சொல்லிவிட்டதாக நினைத்தும் கொள்வார்.

மகன் முத்துராஜ் அப்படி இல்லை. பேச்சு வருகிற வயதிலேயே, ஆத்தாளிடம் எதைக் கேட்பதானாலும் அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்ப வேண்டும் என்று படித்துக்கொண்டவன். மீசை முளைத்த பிறகும் அதே பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் துபாய்க்கு லாரி ஓட்டப் போனான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோ காலில் வருவான். வந்து என்ன செய்ய? போனைக் கையில் எடுத்ததும் அவனும் எல்லாரையும் போல ஆகிவிட்டான். நடந்துகொண்டே பேசுவான். அவளுக்கு அவன் நெற்றியும் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனும்தான் தெரியும். எப்போதாவது வாய் தெரிந்தால், அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடும். மகன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்போதுமே தெரியாது. இப்போது அவன் சொல்லும் சொல்லும் இல்லாமல் போனது.

போன வாரம் அழுதேவிட்டாள். "ஒன் மண்டையப் பாக்கவாடா பெத்தேன்? வாயக் காட்டிப் பேசுடா."

கால் முடிந்ததும் கார்த்திகா அதிசயமாக நிமிர்ந்து சொன்னாள்: "அவுக போனுக்கு ஸ்டாண்டு வாங்கிட்டாகளாம் அத்தே. அடுத்த வாரம் அதுல நேரா வச்சு, ஒங்ககிட்ட மெதுவாப் பேசுவாகளாம்."

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினாள் மூக்காயி. கொட்டகையில் எல்லாரிடமும் சொன்னாள். பாதிப் பேர் குனிந்தபடியே தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். உள்ளே புருஷன் கட்டிலில், மருமகள் சுவரோரம், வாசல்படியில் கொழுந்தன் உதயசூரியன். மூன்று பேர் கையிலும் போன், மூன்று தலையும் கீழே.

"வந்தவகளுக்கு ஒரு வாய் டீ குடுக்கத் தோணலையா ஒனக்கு?" என்று மருமகளைத் திட்டிவிட்டுத் தானே போட்டு எடுத்து வந்தாள். யாரும் தொடவில்லை. "ஆறிப்போகுது, அந்தச் சனியன வச்சுட்டுக் குடிங்க." ஒருத்தரும் அசையவில்லை. அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வழக்கம்தானே. அன்றைக்குக் கொட்டகையில் கூட வேலை பார்க்கும் ஷீபா வழுக்கி விழுந்த கதையைச் சொல்லி, தான் மட்டும் சிரித்தாள்.

மணி நாலாயிற்று. கார்த்திகாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"கூப்புடு தாயி. இன்னைக்கி எம்புள்ள வாயப் பாக்கணும்."

கார்த்திகாவின் தலை இன்னும் இறங்கியது. போன் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. துடைத்துவிடக் கையை நீட்டிய மூக்காயி அப்போதுதான் பார்த்தாள், போனில் வெளிச்சமே இல்லை. திரும்பி ஐயனார் கையைப் பார்த்தாள். அதுவும் இருட்டு. உதயசூரியனுடையதும் இருட்டு. மூன்று பேரும் ஒன்றுமே இல்லாத போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.



"எம்புள்ளைக்கி என்ன?"

யாரும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். துபாயிலிருந்து சேதி வந்து ஒரு மணி நேரமாக அவர்கள் குனிந்தே இருந்தது அதற்காகத்தான்.

மூக்காயி மருமகளின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள், முத்துராஜ் அவளைத் திருப்புவது போலவே.

"மொகத்தப் பாத்துச் சொல்லு."

கார்த்திகாவின் உதடு நடுங்கியது. பிறகு திறந்தது.

"லாரி கவுந்துருச்சு அத்தே. அவுக போயிட்டாக."

ஒரு எழுத்து தப்பவில்லை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவளிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

தாடையிலிருந்து கையை எடுக்காமலே, மருமகளின் முகத்தை மெல்லக் கீழே அழுத்தினாள் மூக்காயி.

"குனிஞ்சுக்க தாயி. போனப் பாரு. நீ ஒண்ணும் சொல்லல, எனக்கு ஒண்ணும் கேக்கல."